பின்னால் வருபவருக்கு ஒரு சிவப்புச் சேதி

பழைய மோட்டார் சைக்கிள்களில் சத்தமில்லாமல் சாகிற உறுப்பு பிரேக் லைட் ஸ்விட்ச். அது செத்துப்போனது ஓட்டுகிறவருக்கு மட்டும் தெரியாது.

தில்லி கரோல் பாக் மோட்டார் சைக்கிள் சந்தையில் மாலை நேரத்தில் நடப்பது சாமர்த்தியம் வேண்டிய காரியம். கடைகளின் முகப்பில் சைலன்சர்கள் வாழைத்தார் போலத் தொங்குகின்றன. பெட்ரோல் டாங்குகள், ஹாண்டில்பார்கள், முட்டியளவு உயர கிராஷ் கார்டுகள் நடைபாதையை அடைத்துக்கொண்டிருக்கின்றன. லடாக் போகிற கனவோடு வருகிற இளைஞர்கள் புல்லட்டை இங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். சாமான் கட்டும் கம்பிச் சட்டம், கூடுதல் விளக்கு, காது கிழியும் சைலன்சர் என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறார்கள். கடைக்காரரின் மேஜை இழுப்பறைக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் கிடக்கிற பிரேக் லைட் ஸ்விட்சை யாரும் தேடி வருவதில்லை. கட்டைவிரல் பருமன், இரண்டு ஒயர், ஒரு ஸ்பிரிங். ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டு விலைக்குள் அடங்கிவிடுகிற சாமான்.

வண்டியின் மற்ற கோளாறுகள் வாய்விட்டு அழுபவை. பிளக் கெட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. ஹாரன் ஊமையானால் முதல் சந்திப்பிலேயே தெரிந்துவிடும். ஹெட்லைட் போனால் அன்று இரவே மெக்கானிக்கைத் தேட வேண்டும். பிரேக் லைட் அப்படியல்ல. அது எரிகிறதா இல்லையா என்பது சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு எட்டாத சங்கதி. மாதக்கணக்கில் எரியாமலே கிடக்கும். பின்னால் வருகிறவருக்கும் அது கெட்டுப்போனது தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம், முன்னால் போகிற வண்டி பிரேக் போடவில்லை என்பதுதான். அந்தத் தவறான தகவலை நம்பித்தான் அவர் தன் வேகத்தைத் தீர்மானிக்கிறார்.

கணக்கு எளிது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் கடந்துவிடுகிறது. சிவப்பு விளக்கைப் பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்கைத் தொடுவதற்கே ஒரு விநாடி வேண்டும். விளக்கு எரியாவிட்டால், முன் வண்டி பெரிதாகிக்கொண்டு வருவதைக் கண்ணால் கண்டு ஊகிக்க வேண்டும். அதற்கு இன்னும் கொஞ்சம் நேரம். தில்லி வட்டச் சாலையிலோ பெங்களூர் ஓசூர் சாலையிலோ வண்டிகளுக்கு இடையே விடப்படும் இடைவெளியில் அந்த உபரி 14 மீட்டர் இருப்பதே இல்லை.

2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் கொடுத்தது. அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனங்களில் போனவர்கள். அதே ஆண்டின் விபத்துகளில் ஐந்தில் ஒன்றுக்குமேல் 'பின்னாலிருந்து மோதியது' வகையைச் சேர்ந்தவை. மோதல் வகைகளிலேயே இதுதான் முதலிடம். இத்தனைக்கும் பிரேக் லைட்டைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அபத்தம். இடைவெளி விடாத லாரி, தூக்கம் கெட்ட டிரைவர், சாலை நடுவே விளக்கில்லாமல் நிற்கும் டிராக்டர் எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் மோட்டார் சைக்கிள்காரர் தன் கையாலேயே, அரை மணி நேரத்தில் சரிசெய்யக்கூடியது இந்த ஒன்றுதான்.

பழைய வண்டி என்றால் இந்தியாவில் அது பெரிய குடும்பம். 1955-ல் திருவொற்றியூரில் காலூன்றிய என்ஃபீல்ட் இந்தியாவின் புல்லட்டுகள், மைசூரில் 1961 முதல் 1996 வரை உருவான ஜாவாக்களும் யெஸ்டிகளும், எஸ்கார்ட்ஸ் தயாரித்த ராஜ்தூத், 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன யமஹா ஆர்எக்ஸ் 100, அதே 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100. பால்காரரின் கேன்களைச் சுமந்து, மாப்பிள்ளைக்குச் சீராகப் போய், பிறகு மகனின் கல்லூரி வாகனமாகி, இன்று பேரன் 'ரெஸ்டோர்' செய்கிற பொருளாகியிருப்பவை. பேரன்கள் டாங்குக்குப் பளபளவென்று பெயின்ட் அடிக்கிறார்கள். பெடல் ஓரத்தில் சேற்றோடு சேறாக இருக்கும் ஸ்விட்சை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

சேறுதான் அதன் முதல் எதிரி. பின் பிரேக் பெடலுக்குப் பக்கத்தில், பிரேம் கம்பியோடு ஒட்டி, சக்கரம் வாரி இறைக்கும் தண்ணீருக்கு நேராகப் பெரும்பாலான வண்டிகளில் இது பொருத்தப்பட்டிருக்கிறது. பழைய புல்லட்டில் கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். எனவே ஸ்விட்சும் இடது பக்கம்தான். மற்ற வண்டிகளில் வலது பக்கம். எந்தப் பக்கமானாலும் தத்துவம் ஒன்றே. பெடலில் ஒரு சின்ன ஸ்பிரிங் மாட்டியிருக்கும். அதன் மறுமுனை ஸ்விட்சின் தண்டில். பெடலை மிதித்தால் ஸ்பிரிங் தண்டை வெளியே இழுக்கும். உள்ளே இரண்டு பித்தளைத் துண்டுகள் தொட்டுக்கொள்ளும். மின்சாரம் ஓடும். காலை எடுத்தால் ஸ்விட்சுக்குள் இருக்கும் இன்னொரு ஸ்பிரிங் தண்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். விளக்கு அணையும். தண்டின் மேல் ஒரு ரப்பர் தொப்பி இருக்க வேண்டும். பத்து வருட வண்டியில் அந்தத் தொப்பி பெரும்பாலும் இருக்காது. அது வெடித்து விழுந்த மழைக்காலத்திலிருந்தே சீரழிவு தொடங்கிவிடுகிறது. 'வாட்டர் சர்வீஸ்' என்ற பெயரில் பெட்ரோல் பங்க் ஓரத்தில் பீய்ச்சி அடிக்கப்படும் தண்ணீர், மழை செய்யாததையும் செய்து முடிக்கிறது.

விளக்கு எரியவில்லை என்றதும் பல பட்டறைகளில் செய்யும் முதல் காரியம் ஸ்விட்சைக் கழற்றி எறிவது. அது அவசரம். குற்றவாளிகள் நான்கு பேர்: பல்பு, ஸ்விட்ச், ஒயர், எர்த். யார் என்று கண்டுபிடிக்க ஒரு கருவியும் தேவையில்லை, கொஞ்சம் தர்க்கம் போதும்.

முன் பிரேக்குக்கும் ஸ்விட்ச் உள்ள வண்டியில் இரண்டு ஸ்விட்சுகளும் ஒரே விளக்குக்குத் தனித்தனி வாசல்கள். ஏதாவது ஒன்று திறந்தாலும் விளக்கு எரியும். எனவே சாவியைப் போட்டு கை லீவரை இழுத்துப் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்து, பெடலை மிதித்தால் மட்டும் எரியவில்லை என்றால் பல்பும் எர்த்தும் பின்பக்க ஒயரும் நிரபராதிகள். பழுது பெடல் ஸ்விட்சிலோ அதற்குப் போகும் ஒயரிலோ மட்டும்தான். இரண்டுக்கும் எரியவில்லை என்றால் ஸ்விட்சைச் சந்தேகிப்பதற்கு முன் பல்பைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. இரண்டு ஸ்விட்சும் ஒரே நாளில் சாவது அபூர்வம்.

அந்தப் பல்புக்குள் இரண்டு இழைகள். 12 வோல்ட் வண்டிகளில் பொதுவாக ஒன்று 5 வாட், இரவில் எரியும் வால் விளக்கு. மற்றது 21 வாட், பிரேக்குக்கு. ஒன்று எரிவதால் மற்றதும் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடக்கூடாது. பல்பின் பக்கவாட்டில் உள்ள இரண்டு ஊசிகளும் வேண்டுமென்றே ஏற்றத்தாழ்வாக வைக்கப்பட்டிருக்கின்றன. தலைகீழாக மாட்ட முடியாதபடி செய்த ஏற்பாடு. அதையும் மீறி முறுக்கித் திணிப்பவர்கள் உண்டு. அப்புறம் விளக்கைப் போட்டால் வண்டி பிரேக் போட்டபடியே ஓடும், நிஜமாகவே பிரேக் போட்டால் பெரிதாக வித்தியாசம் தெரியாது.

பல்பு சரியென்றால் ஸ்விட்சிலிருந்து வரும் இரண்டு ஒயர்களையும் கழற்றி, சாவியைப் போட்டு, ஒன்றோடொன்று தொடவைக்க வேண்டும். விளக்கு எரிந்தால் ஸ்விட்ச்தான் குற்றவாளி, வழக்கு முடிந்தது. எரியாவிட்டால் ஒயரோ எர்த்தோ. இந்தச் சோதனையில் ஒரே ஓர் எச்சரிக்கை: மின்சாரம் வரும் ஒயரின் நுனி பிரேமில் பட்டால் பியூஸ் போய்விடும். பியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டித் தகடு சுற்றப்பட்டிருக்கும் வண்டிகளில் பியூஸுக்குப் பதிலாக ஒயரே எரியும்.

ஒயர் அறுபடும் இடங்கள் பெரும்பாலும் ஊகிக்கக்கூடியவை. சீட்டுக்கு அடியில் மட்கார்டோடு உரசும் இடம், ஸ்விட்சுக்குள் நுழையும் கழுத்து, பின்விளக்கு மூடிக்குள் போகும் துளை. ஹோண்டா வழி வந்த வண்டிகளில் பச்சை ஒயர் எர்த், பச்சையில் மஞ்சள் கோடு போட்டது பிரேக் விளக்குக்குப் போவது. முப்பது வருடத்தில் நாலு மெக்கானிக் கை பட்ட வண்டியில் இந்த நிறங்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது வேறு விஷயம். எர்த் பலவீனமாக இருந்தால் விசித்திரங்கள் நடக்கும். பிரேக் போட்டால் வால் விளக்கு மங்கும், அல்லது இரண்டு இழைகளும் அரை உயிரோடு எரியும். துருப்பிடித்த மட்கார்டில் பெயின்டின் மேலேயே விளக்கை முடுக்கி வைத்திருப்பார்கள். இரும்பைச் சுரண்டிப் பளிச்சென்று ஆக்கி மறுபடி முடுக்கினால் பாதி வியாதி போய்விடும்.

இன்னொரு மோசடி, பாட்டரி செய்வது. சிடி 100 மாதிரியான பல இந்திய வண்டிகளில் ஹெட்லைட் எஞ்சினின் சுருளிலிருந்து நேராக மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. பற்றவைக்கும் பொறியும் அப்படியே. பாட்டரியை நம்பி இருப்பவை ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மூன்றும்தான். பாட்டரி செத்தாலும் ஒரே உதையில் வண்டி ஸ்டார்ட் ஆகிறது, இரவில் வெளிச்சமும் இருக்கிறது. எனவே உரிமையாளர் பாட்டரியைக் கழற்றி வீசிவிட்டு, பணம் மிச்சம் என்று நிம்மதியாக ஓட்டுகிறார். கிராமப்புறங்களில் பாட்டரி இல்லாத பெட்டியில் துணியைத் திணித்து, அதில் ஸ்பானர் வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வண்டிகளில் புது ஸ்விட்ச் மாட்டியும் பயனில்லை.

ஸ்விட்ச்தான் பழுது என்று முடிவானால் புதிது வாங்குவதா, பழையதைச் சரிசெய்வதா? புதிது மலிவு. ஆனால் உற்பத்தி நின்றுபோன வண்டிகளுக்கு அதே அளவில் கிடைப்பது சிரமம். கிடைப்பதிலும் 'ஒரிஜினல்', 'டூப்ளிகேட்', 'லோக்கல்' என்று மூன்று ஜாதி. கரோல் பாக், கல்கத்தாவின் மல்லிக் பஜார், சென்னையின் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை என்று எந்தச் சந்தைக்குப் போனாலும் மூன்றும் ஒரே மாதிரி அட்டைப் பெட்டியில் இருக்கும். வித்தியாசம் உள்ளே. மட்டமானதில் பித்தளைக்குப் பதில் பூச்சுப் பூசிய தகரம், ரப்பர் தொப்பியே கிடையாது, தண்டு ஆடும். விரலால் தண்டை இருபது முறை இழுத்து விட்டாலே அதன் குணம் தெரிந்துவிடும். தயங்காமல் டக்கென்று உள்ளே போக வேண்டும். சோம்பேறித்தனமாகப் போனால் அதைக் கடைக்காரரிடமே விட்டுவிடலாம். பழைய காலத்து ஸ்விட்சுகளின் உள்ளே இருக்கும் கனமான பித்தளையைப் பார்த்தவர்கள் அவற்றை எறிய மனம் வராமல் பழுது பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

பழுது பார்ப்பது கடிகார வேலை அல்ல, பொறுமை வேலை. முதலில் வெளிச்சேற்றை மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் கழுவித் துடைக்க வேண்டும். பல நேரங்களில் தண்டு சேற்றில் இறுகிப்போய் நிற்பதுதான் முழுப் பிரச்சினையும். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயை இடுக்கில் அடித்து, தண்டை நூறு முறை இழுத்து விட்டால் உயிர் வந்துவிடும். வராவிட்டால் திறக்க வேண்டும். சில ஸ்விட்சுகளின் அடிமூடி கொக்கிபோல மாட்டியிருக்கும். மெல்லிய ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் வந்துவிடும். திறக்கும்போது ஒரு துணியின் மேல், முடிந்தால் ஒரு பாலிதீன் பைக்குள் வைத்துத் திறப்பது உத்தமம். உள்ளிருக்கும் ஸ்பிரிங் துள்ளிப் பறந்தால் பட்டறைத் தரையில் அதைத் தேடுவது வைக்கோல்போரில் ஊசி தேடுகிற கதைதான். மூடி ஒட்டப்பட்டிருந்தால் திறக்கும் முயற்சியில் அது உடையும். அதை விட்டுவிட்டு வேறு வாங்கிவிடலாம்.

உள்ளே பித்தளைத் துண்டுகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். சமையலறையில் புளி போட்டுத் தேய்க்காமல் விட்ட செம்பில் பார்க்கிற அதே களிம்பு. தொடும் முனையில் ஒரு கறுப்புப் புள்ளி: ஒவ்வொரு முறை விளக்கு அணையும்போதும் தெறிக்கும் குட்டிப் பொறியின் தழும்பு. ஜீரோ நம்பர் எமரித் தாளால் மெதுவாகத் தேய்த்து மஞ்சள் உலோகம் தெரியும்வரை எடுக்க வேண்டும். அரம் போட்டு ராவினால் பித்தளை தேய்ந்து, இரண்டு துண்டுகளும் சந்திக்காமலே போய்விடும். புளி வைத்துத் தேய்க்கும் பாட்டி வைத்தியமும் வேண்டாம். அமிலம் இடுக்கில் தங்கி மறுபடி அரிக்கும். துடைத்த பிறகு தண்டின் மேல் மட்டும் துளி வாசலின் தடவலாம். கண்ட கிரீஸையும் அப்பினால் அது தூசியைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதத்தில் மறுபடி சிமென்ட் ஆகிவிடும்.

இந்தக் களிம்பு 6 வோல்ட் வண்டிகளை அதிகம் தண்டிக்கிறது. பழைய ஜாவா போன்றவற்றில் 18 வாட் பிரேக் பல்பு 3 ஆம்பியர் மின்சாரம் கேட்கிறது. 12 வோல்ட் வண்டியின் 21 வாட் பல்புக்கு 1.75 ஆம்பியர் போதும். களிம்பால் ஸ்விட்சில் வெறும் அரை ஓம் தடை உண்டானால், 12 வோல்ட் வண்டி தன் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. 6 வோல்ட் வண்டியோ கிட்டத்தட்டப் பாதியை. பழைய வண்டி என்றால் விளக்கு அகல் மாதிரித்தான் எரியும் என்று உரிமையாளர்கள் தலைவிதியாக ஏற்றுக்கொண்ட மங்கலில் பெரும்பகுதி இந்தக் களிம்புதான். அதைச் சுரண்டியதும் வண்டி பிறந்த நாள் வெளிச்சம் திரும்பிவிடுவதைக் கண்டு அவர்களே ஆச்சரியப்படுகிறார்கள்.

ஒயர் கழுத்தில் அறுந்திருந்தால் புது ஒயரை வைத்து ஈயப்பற்று போடலாம். சூடான கம்பியை அதிக நேரம் வைத்தால் பிளாஸ்டிக் உருகி, தண்டு சிக்கிக்கொள்ளும். தொட்டதும் எடுத்துவிட வேண்டும். முறுக்கி, கறுப்பு டேப் சுற்றுவது நம் தேசிய வழக்கம். எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை உருகி, மழைத் தண்ணீரை உள்ளே வரவழைத்து உட்காரவைக்கும் என்பதால் சுருங்கும் பிளாஸ்டிக் குழாயை மாட்டிச் சூடு காட்டுவது மேல்.

அடுத்தது அந்த வெளி ஸ்பிரிங். இதில்தான் பட்டறைகள் சகஜமாகத் தப்புச் செய்கின்றன. ஸ்பிரிங் அறுந்து விழுந்துவிட்டால், கையில் கிடைத்த பழைய கிளட்ச் கேபிளின் கம்பியை முறுக்கிப் பெடலையும் தண்டையும் கட்டிவிடுகிறார்கள். விளக்கு பிரமாதமாக எரியும், ஒரு வாரம். காரணம் எளியது. பெடல் கீழே இறங்கும் தூரம் அதிகம், ஸ்விட்சின் தண்டு வெளியே வரக்கூடிய தூரம் கொஞ்சம். அந்த உபரித் தூரத்தைத் தானே நீண்டு விழுங்கிக்கொள்வதுதான் ஸ்பிரிங்கின் உத்தியோகம். கம்பிக்கு நீளத் தெரியாது. ஒரு நாய் குறுக்கே ஓடுகிறது, ஓட்டுகிறவர் பெடலை அழுத்தி மிதிக்கிறார், தண்டு பிடுங்கிக்கொண்டு வந்துவிடுகிறது. விளக்கு மிகவும் தேவைப்பட்ட கணத்தில்தான் அது போகிறது. பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங் இதைவிடப் பரவாயில்லை, வீடு போய்ச் சேரும்வரை. மழையில் அது துருப்பிடித்து இற்றுவிடும். ஸ்விட்சே வாங்கத் தயாரில்லாதவர்கள்கூட அந்த ஸ்பிரிங்கை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கலாம். சந்தையில் கிடைக்கிறது.

மாட்டிய பிறகு சரிக்கட்டுவது ஒரு கலை. அதற்கும் வரிசை உண்டு. முதலில் பிரேக், பிறகு விளக்கு. சிறிய இந்திய வண்டிகள் பலவற்றில் பெடல் 20 முதல் 30 மில்லிமீட்டர் சும்மா இறங்கிய பிறகே பிரேக் பிடிக்க வேண்டும். செயினை இறுக்குவதற்காகச் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளினால் பிரேக் கம்பியும் கூடவே இழுபட்டு இந்த இடைவெளி குறையும். லைனிங் தேய்ந்தால் அதிகரிக்கும். எனவே இந்த இடைவெளியைச் சரிசெய்யாமல் ஸ்விட்சைத் திருகுவது வீண். அதன்பின் ஸ்விட்சின் உடலை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, அதன் மேலுள்ள நட்டை மட்டும் திருக வேண்டும். உடல் சுழன்றால் ஒயர்கள் முறுக்கிக்கொண்டு கழுத்தில் அறும். ஸ்விட்ச் மேலே ஏறினால் விளக்கு சீக்கிரம் எரியும், இறங்கினால் தாமதமாகும். பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு மயிரிழை முன்னதாக விளக்கு எரிய வேண்டும் என்பதே இலக்கு.

சிலர் முன்ஜாக்கிரதையாக நட்டை அதிகமாகத் திருகிவிடுகிறார்கள். பள்ளத்தில் வண்டி குலுங்கினாலே விளக்கு மினுக்குகிறது. பெடலில் காலை ஊன்றி ஓட்டும் பழக்கமும் சேர்ந்தால் வண்டி முழு நேரமும் சிவப்பாகவே போகும். இது எரியாத விளக்கைவிட மோசம் என்று வாதிட இடமுண்டு. எப்போதும் கத்துகிறவன் பேச்சை யார் கேட்பார்கள்? தவிர, 21 வாட் இழை ஓயாமல் எரிந்தால் பழைய வண்டியின் சின்ன பாட்டரி வற்றுகிறது, பின்விளக்கின் சிவப்பு மூடி சூட்டில் உருகி நெளிகிறது.

முன் பிரேக் ஸ்விட்ச் வேறு ஜாதி. லீவர் சும்மா இருக்கும்போது ஒரு சின்னத் தண்டை அமுக்கிக்கொண்டிருக்கும். லீவரை இழுத்தால் தண்டு வெளியே வந்து விளக்கு எரியும். தண்டு உள்ளேயே சிக்கிக்கொண்டால் இருட்டு, வெளியே சிக்கிக்கொண்டால் நிரந்தர சிவப்பு. பெரும்பாலும் ஒரு துளி கிளீனரில் சரியாகிவிடும். டிஸ்க் பிரேக்கில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வகையும் உண்டு. அதைப் பழுது பார்க்க முடியாது, மாற்ற வேண்டும். முன் பிரேக்குக்கு ஸ்விட்சே இல்லாத பழைய வண்டிகளில் லீவரோடு சேர்ந்த ஸ்விட்சைப் புதிதாகப் பொருத்திக்கொள்கிறவர்கள் புத்திசாலிகள். நகரத்தில் பாதி நேரம் கையால்தானே பிரேக் பிடிக்கிறோம்.

இந்த விளக்கு இல்லாத காலத்தில் கையை நீட்டி, மேலும் கீழும் அசைத்து வேகம் குறைப்பதைத் தெரிவிக்க வேண்டும் என்று சாலை விதிகள் சொல்லின. வலது கையை. மோட்டார் சைக்கிளில் அந்த வலது கையில்தான் ஆக்ஸிலேட்டரும் முன் பிரேக்கும் இருக்கின்றன. விதியை எழுதியவர் காரில் போகிறவராக இருந்திருக்க வேண்டும்.

இப்போது சட்டம் தெளிவு. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பிரேக் போட்டால் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தாக வேண்டும் என்கின்றன. பொதுவான விதிமீறலுக்கு 2019 திருத்தத்தின்படி முதல் முறை 500 ரூபாய், மறுமுறை 1,500 ரூபாய். ஆனால் ஹெல்மெட் இல்லாததைப் பிடிக்கும் கண்கள் எரியாத பிரேக் லைட்டைப் பிடிப்பது அபூர்வம். சட்டம் உண்மையில் கடிக்கும் இடம் வேறு. பதிவுச் சான்று 15 ஆண்டுகளில் முடிகிறது. அதைப் புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். 2022 ஏப்ரலில் மோட்டார் சைக்கிளுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆயிற்று. 20 வயதைத் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ஆக்கப்பட்டது. இன்ஸ்பெக்டர் பெடலை மிதிக்கச் சொல்லிப் பின்னால் போய் நிற்கும்போது விளக்கு எரியாமல் திரும்பி வந்தால், போன நாளும் கூலியும் ஸ்விட்சின் விலையைப்போலப் பல மடங்கு.

மத்திய அரசு புது வண்டிகளுக்கு ஒவ்வொரு கவசமாகச் சேர்த்துக்கொண்டு வருகிறது. 2017 ஏப்ரலிலிருந்து பகலிலும் தானே எரியும் ஹெட்லைட், 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு ஏபிஎஸ். பழைய வண்டிக்கு இவை எதுவும் இல்லை. முன்னால் போகிற புது வண்டி நின்ற இடத்தில் நிற்க முடியாமல் தவிக்கும் அதற்கு, பின்னால் வருபவரை எச்சரிக்கவாவது ஒரு விளக்கு வேண்டாமா? எல்இடி பல்பு பொருத்துகிறவர்கள் ஒரு லாபம் அடைகிறார்கள். சாதா பல்பின் இழை சூடேறிப் பிரகாசிக்க விநாடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். எல்இடிக்கு அந்தத் தாமதம் இல்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் அது பின்னால் வருபவருக்கு மூன்று மீட்டருக்கு மேல் கூடுதல் அவகாசம். ஆனால் டிஸ்கோ மாதிரி மினுக்கும் எல்இடிகளை மாட்டுவது அந்த லாபத்தைத் தொலைப்பது. பிரேக்கா, இண்டிகேட்டரா, கல்யாண ஊர்வலமா என்று பின்னால் வருபவர் குழம்புவார்.

டிசம்பர், ஜனவரியில் வட இந்தியாவில் இந்த அலட்சியத்துக்கு விலை ஏறிவிடுகிறது. கங்கைச் சமவெளியில் மூடுபனி இறங்கினால் மோட்டார் சைக்கிளும் ஓட்டுபவரின் கறுப்பு ஜாக்கெட்டும் கரைந்துபோகின்றன. மிஞ்சுவது அந்த ஒரு சிவப்புப் புள்ளிதான். பின்னால் வரும் டிரைவர் அந்தப் புள்ளியை வழிகாட்டியாகப் பிடித்துக்கொண்டு வருகிறார். அது பிரகாசமானால் அவர் காலைத் தூக்குகிறார். மாறாமல் அப்படியே இருந்தால், முன்னால் இருப்பவர் போய்க்கொண்டிருக்கிறார் என்று நம்புகிறார். ஒரு கரும்பு டிராக்டரைக் கண்டு முன்னவர் திடீரென நின்றுவிட்டதை அவர் தெரிந்துகொள்வது, மோதும் தூரத்தில்.

சோதித்துப் பார்க்க மெக்கானிக்கும் வேண்டாம், உதவிக்கு ஆளும் வேண்டாம். பொழுது சாயும் நேரத்தில் வண்டியை வெள்ளைச் சுவருக்கு முதுகைக் காட்டி நிறுத்தி, சாவியைப் போட்டு, எஞ்சின் ஸ்டார்ட் செய்யாமலே பெடலை மிதித்துத் தலையைத் திருப்பிப் பார்த்தால் சுவரில் சிவப்பு விழும். பிறகு கை லீவரைத் தனியாக. இரண்டையும் விட்டதும் சுவர் மறுபடி வெள்ளையாகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.